ஊசல் தரும் ஒற்றை எண்

1990களில், அட்லாண்டிக் கடலடியிலிருந்து மீட்ட டைட்டானிக் கப்பலின் உடற்தகட்டைச் சார்ப்பி சோதனையில் உடைத்துப் பார்த்தார்கள். வந்த விடை மிரட்டியது. வெறும் 20 ஜூல் ஆற்றலிலேயே துண்டு உடைந்துவிடும் என்ற நிலைக்கு எஃகு இறங்கும் வெப்பநிலை, தகடு உருட்டப்பட்ட திசையில் 32 டிகிரி செல்சியஸ், குறுக்குத் திசையில் 56. ஏ36 என்ற இன்றைய சாதாரணக் கட்டுமான எஃகுக்கு அது மைனஸ் 27. கப்பல் மூழ்கிய இரவில் கடல்நீரோ மைனஸ் 2 டிகிரி. தகடு நொறுங்கித்தான் கப்பல் போனது என்று பலர் தீர்ப்பெழுதிவிட்டார்கள். எண்ணில் பிழையில்லை. தீர்ப்புத்தான் அவசரம்.

சோதனை எளிமையானது. 10 மி.மீ. சதுர வெட்டுமுகமும் 55 மி.மீ. நீளமும் கொண்ட எஃகுத் துண்டு. நடுவில் 'வி' வடிவ வெட்டு, அதாவது நாட்ச்: ஆழம் 2 மி.மீ., கோணம் 45 டிகிரி, அடி முனையின் ஆரம் கால் மி.மீ. நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஊசல் சுத்தியல் அதன் முதுகில் மோதுகிறது. உடைத்த பிறகு மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைக் கொண்டு, துண்டு விழுங்கிய ஆற்றலைச் சொல்லிவிடலாம். அமெரிக்கரான ரஸ்ஸல் 1898இல் ஊசலை முன்வைத்தார். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் சார்ப்பி 1901இல் அதை முறைப்படுத்தினார்.

நாட்ச் எதற்கு? ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, பிறகு கையாலேயே கிழித்துவிடுவார். வெட்டின் முனையில் தகைவு குவிகிறது. தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது; துளை நீள்வட்டமாகி முனை கூராகக் கூராக இன்னும் ஏறுகிறது. இதை 1913இல் இங்கிலிஸ் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் துணி உதாரணம் பாதிக் கதையைத்தான் சொல்லும், ஏனென்றால் துணிக்குத் தடிமன் இல்லை.

மென் எஃகு முனையில் சற்று இளகி, குவிந்த தகைவைத் தணித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? தடித்த துண்டின் நடுவில் அது எளிதில் நடப்பதில்லை. நீள முயலும் உலோகம் பக்கவாட்டில் சுருங்கப் பார்க்கிறது. சுற்றியுள்ள, இன்னும் இளகாத உலோகம் விடுவதில்லை. விளைவு, மூன்று திசையிலும் இழுவிசை. உலோகம் இளகுவது சறுக்குத் தகைவால். அது பிறப்பதோ திசைக்குத் திசை உள்ள தகைவு வேறுபாட்டால். மூன்றும் சேர்ந்தே ஏறினால் வேறுபாடு சிறுக்கிறது, இளகல் தள்ளிப்போகிறது. நாட்ச்சுக்குச் சற்று உள்ளே இழுதகைவு சாதாரண இளகு தகைவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போய், படிகங்களைப் பிளக்கும் அளவை எட்டிவிடுகிறது. குளிரில் எஃகின் இளகு தகைவு வேகமாக உயரும். பிளவுத் தகைவு அவ்வளவாக மாறாது. ஆகவே குளிரும் நாட்ச்சும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. எதிர்த்திசைச் சான்றும் உண்டு: 1911இல் ஃபான் கார்மன் சலவைக்கல்லை நாற்புறமும் அழுத்தியபடி நசுக்கினார், நொறுங்க வேண்டிய கல் உலோகம்போல வடிவம் மாறிக்கொடுத்தது.

நாட்ச், குளிர், வேகம் என்ற மூன்றையும் ஒரே அடியில் எஃகின்மீது ஏவுவதுதான் சார்ப்பியின் பலம். வழவழப்பான கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனை இந்த ஆபத்தை மறைத்துவிடும். 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டில் அசையாத நீரில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற புது டேங்கர் கப்பல் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. போர்க்காலச் சரக்குக் கப்பல்களான லிபர்ட்டி கப்பல்களிலும் விரிசல்கள் வரிசையாக வந்தன. பழி முதலில் வெல்டிங்கின்மீது விழுந்தது. எஃகே குளிரில் மாறுகிறது என்று கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் காட்டினார். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பில் வில்லியம்ஸ், விரிசல் தொடங்கிய தகடு, ஊடே ஓடிய தகடு, நின்றுபோன தகடு என்று பிரித்துச் சோதித்தார். ஏறத்தாழ 20 ஜூல் என்ற கோடு அங்கிருந்து வந்ததுதான். உண்மையான விபத்துகளோடு ஒப்பிட்டுப் பெற்ற அளவு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது அந்தக் காலத்து, அந்தத் தடிமன் கப்பல் தகடுகளுக்கான கோடு. பிற்பாடு வந்த வலுவான எஃகுகளுக்கு அது போதவில்லை. இன்று ஐரோப்பாவின் எஸ்275 ஜே2, இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 2062இன் இ250 சி இரண்டுமே மைனஸ் 20 டிகிரியில் 27 ஜூல் கேட்கின்றன.

குறைகள் அந்த ஜூல் எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. விரிசல் பிறக்கச் செலவான ஆற்றலையும் அது ஓடச் செலவான ஆற்றலையும் எண் பிரித்துச் சொல்லாது. கால் மி.மீ. ஆரமுள்ள நாட்ச், உண்மையான விரிசலின் கூர்மைக்கு அருகில்கூட வராது. 10 மி.மீ. துண்டில், 50 மி.மீ. தகட்டின் நடுவில் உள்ள அளவு மூன்று திசை இழுவிசை எழாது. கடைசி இரண்டும் எஃகை இருப்பதைவிட நல்லதாகக் காட்டும். மோதும் வேகமோ மோசமாகக் காட்டும். பல வேளைகளில் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. சோதனை நூறாண்டு தாக்குப்பிடித்ததில் இந்த அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். பாலத்தில் 12 மி.மீ. விரிசல் கண்ட பொறியாளர் 'இது ஓடுமா, நிற்குமா?' என்று கேட்டால் ஜூல் கைவிரிக்கும். விரிசலின் நீளத்தையும் தகைவையும் சேர்த்துக் கணக்கிட இர்வின் 1957இல் வகுத்த தகைவுச் செறிவுக் கெழுதான் அங்கே பேசும்.

டைட்டானிக் விஷயத்திலும் நடந்தது இதுதான். பனிப்பாறை உரசியது ஊசலின் வேகத்தில் அல்ல. மெதுவாக வளைத்துச் சோதித்தபோது, அந்தக் குளிரிலும் தகட்டின் முறிவுத் தாங்குதிறன் போதுமானதாகவே இருந்தது என்றார் திமோத்தி ஃபோக்கே. கசடு மிகுந்த தேனிரும்பு ரிவெட்டுகளின்மீது அவர் சந்தேகத்தைத் திருப்பினார். அவர் பணியாற்றியது, வில்லியம்ஸ் இருந்த அதே அமைப்பில்; பெயர்தான் மாறியிருந்தது.

ஆலை வாசலில் நல்ல எஃகையும் மோசமானதையும் மலிவாகப் பிரிக்க இதற்கு இணையில்லை; அங்கே இருக்கட்டும். அணு உலைகளில் இதன் சிற்றுருவமே வரம். நியூட்ரான்கள் கலத்தின் எஃகை எவ்வளவு நொறுங்கவைத்திருக்கின்றன என்று அறிய, சார்ப்பித் துண்டுகளைக் குப்பியிலிட்டு உலைக்குள்ளேயே வைத்து, ஆண்டுகள் கழித்து எடுத்து உடைக்கிறார்கள். உடைந்த பாதிகளையும் இப்போது வீணாக்குவதில்லை. அவற்றிலிருந்து 4 மி.மீ. தடிமனில் சிறு துண்டுகள் வெட்டி, மாறிமாறிச் சுமையேற்றி உண்மையான விரிசலை வளர்த்து, மெதுவாக இழுத்து, ஊசலால் சொல்ல முடியாத முறிவுத் தாங்குதிறனை நேரடியாக அளக்கிறார்கள்.