தாமஸ் துரையும் தக்கையும்

ஹென்றி சல்லிவன் தாமஸ், மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். 1873இல் வந்த அவரது 'த ராட் இன் இந்தியா'வில் நாயகன் ஆற்று மாசீர். எனக்கு நெருக்கமானது 1887இல் வந்த 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'தான். துரை ஏரிக்கரைக்கே வந்துவிடுகிறாரே! ஆனா எங்க சுகம் வேற. ராடு, ரீல்காரருக்கு மீன் மாட்டியபின் நடக்கும் இழுபறிதான் ஆட்டம். செவ்வாப்பேட்டைப் பக்கம் மூங்கில் கழியோடு உட்காருகிறவனுக்கு எல்லாமே தக்கையில்தான்: கெண்டை கொறிக்கும், கெளுத்தி ஒரேயடியா முக்கும். இதில் நாம ஒசத்தின்னு சொல்லிக்கலாம். வரால் விஷயத்தில் முடியாது. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளிக்கும் இடத்தில் தவளையைப் போட்டால், காவலிருக்கும் பெரிய மீன் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும். மீன்குஞ்சு அழிவைத் தடுக்கச் சொல்லி எழுதியவர் தாமஸ். அது தெரிந்தும் ஒருமுறை போட்டேன். இரண்டு கிலோ இருந்தது. மறுநாள் குஞ்சுகளைக் காணோம்.