மறதிக்கார பிரிண்டர்

கல்முனையில் எங்கள் காக்காவின் போட்டோக்கொப்பிக் கடையில் ஒரு எச்பி லேசர்ஜெட் 1020 இருக்கிறது. கிழட்டுப் பெட்டி, ஆனால் எழுத்து கறுகறுவென்று விழும். ஒரேயொரு குணக்கேடு, சுவிட்சை அணைத்தால் தன்னையே மறந்துவிடும். இயங்கத் தேவையான ஃபேர்ம்வெயர் அதற்குள் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு தடவையும் கணினிதான் யூஎஸ்பி வயர் வழியே ஊட்டிவிட வேண்டும்.

கடைக் கணினிக்கு உபுண்டு லினக்ஸ் போட்டபோது பிரிண்டர் ஊமையாகிவிட்டது. கைகொடுத்தது ரிக் ரிச்சர்ட்சன் எழுதிய ‘ஃபூ-டூ-இசட்ஜேஎஸ்’ என்ற டிரைவர் பொதி. எச்பிக்கும் அவருடைய அந்தப் பொதிக்கும் சம்பந்தமில்லை, தேவைப்பட்டது, எழுதினார். கறுப்புத் திரையில் ‘மேக்’ என்று அடித்ததும் வரிகள் மழையாகக் கொட்டின. அடுத்தது ‘கெட்வெப் 1020’, ஃபேர்ம்வெயர் கோப்பு இறங்கியது. பிறகு ‘மேக் இன்ஸ்டோல்’. கடைசியில் ‘மேக் இன்ஸ்டோல்-ஹொட்பிளக்’, எனக்குப் பிடித்த இடம் அதுதான். பிரிண்டர் கண் விழித்ததை லினக்ஸ் கவனித்து, கேட்காமலே ஊட்டிவிடும்.

அதன் அருமை 2022-ல் விளங்கியது. மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் வரும், போகும், பிரிண்டர் அத்தனை தடவையும் மறக்கும். கணினி எழும்பிய கொஞ்ச நேரத்தில் பிரிண்டருக்குள் உருளை ஒருதரம் ‘கிர்ர்’ என்று சுற்றும்.

“தம்பி, சாப்பிட்டுட்டான்” என்பார் காக்கா, கடதாசியை அடுக்கிக்கொண்டே.