விலை வைத்தால் தடை நீங்கிவிடுமா?

அரசிடம் இருக்கும் தரவைத் தனியாருடன் பகிர என்ன தடை என்று கேட்டால், என்னைப் போன்ற மென்பொருள் ஆட்கள் உடனே ஃபார்மட், ஏபிஐ, சர்வர் என்று ஆரம்பித்துவிடுவோம். அதெல்லாம் உட்கார்ந்து செய்தால் முடிகிற வேலை. நிஜத் தடை வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019 மார்ச்சில் கொண்டுவந்த மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை இதற்கு நல்ல உதாரணம்.

ஆர்டிஓ அலுவலகங்களில் பதிவாகும் வண்டி விவரங்கள் 'வாகன்' தரவுத்தளத்திலும், லைசென்ஸ் விவரங்கள் 'சாரதி'யிலும் சேர்கின்றன. அப்போதே சுமார் 25 கோடி வண்டிகள், 15 கோடி லைசென்ஸ்கள். மொத்தத் தரவு வேண்டுமென்றால் 2019-20க்கு வணிக நிறுவனங்களுக்கு 3 கோடி ரூபாய், ஆராய்ச்சிக்காகக் கேட்கும் கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயமும் உண்டு. விதியையும் விலையையும் எழுதி வெளியே வைத்தார்கள். ஆள் பிடித்துத் தரவு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் வேறு தரவுகளோடு பொருத்திப் பார்த்தால் தனிமனிதரை அடையாளம் காண வாய்ப்புண்டு என்று அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகும் விற்பனைதான்! பெயரை நீக்கிட்டா போதும்னு நினைக்கிறோம். ஒரு ஊரிலேயே ஒரு மாடல் கார் ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதோ 2023ல்தான்.

2019 ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 87 தனியார் நிறுவனங்கள், 32 அரசு அமைப்புகளுக்கு அணுகல், வருமானம் 65 கோடி. அடுத்த ஆண்டு ஜூனில், தனியுரிமையைக் காரணம் காட்டி அமைச்சகமே கொள்கையைக் கைவிட்டது. கார் கம்பெனிக்கு மட்டுமல்ல, சாலைப் பாதுகாப்பை ஆராய நினைத்த மாணவருக்கும் அந்த வழி அடைபட்டது. என் வருத்தம் அதில்தான்.

இதோடு டெல்லியை ஒப்பிடலாம். 2018ல் டெல்லி அரசு, ஐஐஐடி டெல்லியுடன் சேர்ந்து பேருந்துத் தடம், நிறுத்தம், நேரம், ஓடும் பேருந்தின் இருப்பிடம் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஆப் செய்யலாம். இங்கே அந்தப் பிரச்சினை வரவில்லை. ஏனென்றால் பேருந்து எங்கே நிற்கிறது என்பது அரசு தாராளமாகக் கொடுக்கக்கூடிய தகவல். என் வண்டி விவரமோ, சட்டம் கேட்டதால் நான் கொடுத்து வைத்தது.

இந்த வித்தியாசத்தை முதலில் பிரித்திருக்க வேண்டும். மாவட்டவாரியாக எத்தனை மின்சார ஸ்கூட்டர்கள் என்பது போன்ற தொகுப்பு எண்ணிக்கைகளை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். தனித்தனிப் பதிவு தேவைப்படும் ஆய்வுக்குத் தரவை அனுப்ப வேண்டாம். கேள்வியை அரசு சர்வரிலேயே ஓட்டி, யாரையும் காட்டிக்கொடுக்காத விடையை மட்டும் வெளியே விடலாம். இதற்கான தொழில்நுட்பம் இருக்கிறது. 3 கோடி என்று விலை போட்டவர்கள், அதற்கு முன்னால் இதை யோசித்திருந்தால் அந்தக் கதவு இன்னும் திறந்தே இருந்திருக்கும்.