அளந்தேன், நடுக்கம் நின்றது

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். நான் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். நீள ஊசி முனை, தலையில் சின்னதாக ஒரு திரை. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் 280 ரூபாய்க்கு வாங்கியது. இதுவரை நான் வாங்கியவற்றில் உருப்படியான பொருள் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் எடுத்து நீட்டுவேன். தனியாக ஏசி சர்வீஸ் தொழிலில் இறங்கிவிட்டு, 'நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா' என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தவன் நான். இன்று தொழிலை அவ்வளவு ஆசையாகச் செய்கிறேன். காலையில் பைக்கில் கருவிப் பையைக் கட்டும்போதே மனசு துள்ளுகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். என்னைப்போல் கைவேலை தெரிந்தும் வாய் திறக்கத் தயங்கும் எத்தனையோ தம்பிகள் ஊர் ஊராக இருக்கிறார்கள்.

ஐடிஐயில் குளிர்பதனப் பிரிவில் இரண்டு வருடம் படித்தேன். பிறகு ஒரு சர்வீஸ் கடையில் ஆறு வருடம். ஹெல்பராகச் சேர்ந்து மெக்கானிக்காக வெளியே வந்தேன். வேலையில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் இண்டோர் யூனிட்டைக் கழற்றி மாட்டுவேன். ஆனால் கடையில் போனை எடுத்தவர் முதலாளி, விலை சொன்னவர் முதலாளி, புகார் வந்தால் பதில் சொன்னவரும் அவரே. 2022 பிப்ரவரியில் தனியாக வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்றும் எனக்குத் தெரியாது என்று. போன் அடித்தால் வயிற்றைப் புரட்டும். புது எண் என்றால் இரண்டு தடவை அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன்.

முதல் வேலை அண்ணா நகரில், மூன்றாவது மாடி வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். படுக்கையறை ஏசியிலிருந்து கட்டில்மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார். திறந்து பார்த்தால் தண்ணீர் வெளியேறும் குழாயில் தூசியும் பாசியும் கூழாக அடைத்திருந்தது. அடைப்பை ஊதி எடுத்து, தட்டைக் கழுவி, காயிலையும் துடைத்து முடிக்க முக்கால் மணி நேரம். சுத்தமான வேலை.

"எவ்வளவு தம்பி?" என்றார்.

கடையாக இருந்தால் 500 ரூபாய் வாங்கியிருப்பார்கள். அந்த எண் தொண்டைவரை வந்தது. வெளியே வந்ததோ வேறு: "பார்த்துக் குடுங்கம்மா."

அவர் ஒரு நிமிடம் தயங்கி 200 ரூபாய் கொடுத்தார். கீழே இறங்கி வந்து பைக் பக்கத்தில் நின்றேன். குறைவாகக் கிடைத்தது என்ற வருத்தத்தைவிட, என் வேலைக்கு நானே ஒரு விலை சொல்ல முடியவில்லையே என்ற எண்ணம்தான் அதிகம் வலித்தது. 'பார்த்துக் குடுங்க' என்பதைப் பணிவு என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பயம் பேசிய பேச்சு.

அன்று சாயங்காலம் சிம்மக்கல்லில் டீக்கடையில் பழைய சீனியர் மெக்கானிக் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஆறுதலே சொல்லவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "ரீடிங் எடுத்தியா?"

"இல்லண்ணே. தண்ணி நின்னுருச்சு, கூலிங் நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சுன்னா எவ்வளவு நல்லா? உனக்கே தெரியாதத அந்தம்மாகிட்ட எப்படிடா விலை சொல்லுவ? அளக்காதவன்தான்டா நடுங்குவான்."

மறுநாள் வாங்கியதுதான் இந்தத் தெர்மாமீட்டர். கூடவே 200 பக்க நீள நோட்டு ஒன்று.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கழற்றுவதற்கு முன்பே அளப்பேன். ஏசி மேல்பக்கம் இழுக்கும் காற்று எத்தனை டிகிரி, கீழே வாய் வழியாக விடும் காற்று எத்தனை டிகிரி, கம்ப்ரசர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது. மூன்றும் நோட்டில் ஏறும். சர்வீஸ் முடித்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளப்பேன். அந்த நோட்டின் முதல் பக்கம் எனக்கு மனப்பாடம். முன்பு: இழுப்பது 31, விடுவது 25, வித்தியாசம் 6. பின்பு: இழுப்பது 29, விடுவது 16, வித்தியாசம் 13. அந்த 6, 13 ஆனதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எந்தச் சம்பளமும் கொடுத்ததில்லை! என் கை செய்த வேலை கண்ணெதிரே எண்ணாக நின்றது. வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்து, "அட, இவ்வளவு மாறியிருக்கா?" என்றார். அதற்குப் பிறகு விலை சொல்ல என்ன தயக்கம்?

விலையையும் அளந்தோம். இதில் முழுப் பெருமையும் என் மனைவிக்குத்தான். ஒரு ராத்திரி பால் கணக்கு நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுச் செலவு மாதம் 18,000. பெட்ரோல் 4,000. காயில் கழுவும் மருந்து, கருவித் தேய்மானம் 2,000. மாதம் 24,000 என்றால் வருடத்துக்கு 2,88,000. எங்கள் தொழில் மார்ச் முதல் ஜூன் வரை பறக்கும், ஐப்பசி மழையில் படுத்துவிடும். அதனால் அவள் மாதக் கணக்குப் பார்க்கவில்லை, வருடக் கணக்குத்தான் போட்டாள். வருடத்துக்கு 480 வேலை என்று வைத்தால், ஒன்றுக்கு 600 ரூபாய். "இதுக்குக் கீழ வாங்குனா நம்ம கைக்காசப் போட்டு அவங்க வீட்டக் குளுராக்குறீங்க" என்றாள். அந்த 600-ஐ அட்டையில் எழுதி லேமினேட் செய்து கருவிப் பையில் வைத்தேன். இன்றுவரை அட்டையைக் காட்டித்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

இந்தத் தொழிலே அளவில் பிறந்ததுதான். 1902-இல் அமெரிக்காவில் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரக்காற்றால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போனது. அதைச் சரிசெய்யப் போனவர் வில்லிஸ் கேரியர். வயது 25. காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்குக்குள் கொண்டுவந்தார், நவீன ஏசி பிறந்தது. முதல் உலகப்போர் நேரத்தில் அவர் வேலை பார்த்த நிறுவனம் ஏசிப் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்கியபோது, அவரையும் சேர்த்து ஏழு பொறியாளர்கள் 32,600 டாலர் திரட்டி 1915-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். ஐடிஐ பாடத்தில் வெறும் பெயராகக் கடந்து போனவர், தொழில் தொடங்கிய பிறகு எனக்கு மூத்த அண்ணன் மாதிரி ஆகிவிட்டார்.

நான் தொழில் தொடங்கிய வருடத்து மே மாதம், கத்திரி வெயிலில், எஸ்.எஸ். காலனியில் ஒரு வீடு. "போன வாரம் ஒருத்தர் பார்த்துட்டு, கேஸ் கம்மி, 3,500 ஆகும்னுட்டார்" என்றார் வீட்டம்மா. ஏசியில் கேஸ் என்பது பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். எங்காவது கசிந்தால் மட்டுமே குறையும். வெளி யூனிட்டைக் கவனித்தேன். கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகி, ஓட முடியாமல் நின்றது. மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு மீட்டரை வைத்தேன். மேலே அச்சடித்திருந்தது 45 மைக்ரோஃபாரட். மீட்டரில் வந்தது 22.

உள்ளுக்குள் பழைய குரல் கேட்டது. 'முன்னாடி வந்தவர் அனுபவசாலியாக இருப்பார், நீ யார் மறுத்துச் சொல்ல?' அன்று அதற்கு நான் பதில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மீட்டர் சொன்னது. திரையை அந்த அம்மாவிடம் காட்டினேன், கெப்பாசிட்டரில் அச்சடித்த எண்ணையும் காட்டினேன். புதிதாக ஒன்று மாற்றியதும் கம்ப்ரசர் ஒரே மூச்சில் எழுந்தது. 7 ஆம்பியர், வித்தியாசம் 12 டிகிரி. கெப்பாசிட்டர் 350, சர்வீஸ் 600, மொத்தம் 950. குரல் நடுங்காமல் சொன்னேன். அடுத்த வருடத்துக்குள் அதே தெருவில் 11 வீடுகள் என்னைக் கூப்பிட்டன.

போன் பயமும் இப்படி அளக்க அளக்கத்தான் போனது. இன்று கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. "ஒன்றரை டன்னுன்னா அவ்வளவு எடையா?" என்பார்கள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்தத் திறன்தான் ஒரு டன் என்று விளக்கும்போது, அவர்கள் கண் விரியும். 24 டிகிரியில் வையுங்கள், ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று சொல்லிவிட்டு வருவேன்.

பதிவு, வரி, கடன் என்ற காகிதங்களைப் பற்றியும் ஒரு பயம் இருந்தது. அதையும் கேட்டு, எண்ணிப் பார்த்தேன். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய்வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. வேக்யூம் பம்ப்பும் கேஜும் ஜெட் வாஷரும் அதில்தான் வந்தன. மாதக் கணக்கில் பயந்த விஷயம், ஒரு காலைப் பொழுதில் முடிந்தது.

முதலில் சொன்ன மூன்றில் மூன்றாவது பயம்தான் பெரியது: புகார். வில்லாபுரத்தில் ஒரு கடைக்காரருக்கு ஏசியை இடம் மாற்றி மாட்டினேன். நான்காம் நாள் அழைப்பு. "தம்பி, காத்து மட்டுந்தான் வருது." முகம் வியர்த்துவிட்டது. போகும் வழியெல்லாம் என்ன சமாதானம் சொல்லலாம் என்றே மனசு தேடியது. போய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். நான் முறுக்கிய ஃபிளேர் நட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழி எழுந்தது.

"ஐயா, இது என் தப்புதான். நட்டு சரியா உக்காரலை. நானே சரிபண்ணித் தர்றேன், காசு வேணாம்."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. அது ஆர்-32 கேஸ், ஓரளவு தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. அதனால் கதவு, ஜன்னலைத் திறந்து, குழாய் முனையைப் புதிதாக விரித்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, வேக்யூம் எடுத்து, யூனிட் மேல் குறித்திருந்த எடையைத் தராசில் வைத்தே ஏற்றினேன். என் கையிலிருந்து 2,200 ரூபாய் போனது. அந்த ஐயா எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, "தப்ப ஒத்துக்கிட்ட ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அவர் கடை, வீடு, மருமகன் வீடு மூன்றும் இன்று என் கையில். நைட்ரஜன் சோதனை இல்லாமல் நான் எந்த இணைப்பையும் முடிப்பதில்லை. புகார் அழைப்பை இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

2024 மே மாதம் அண்ணா நகர் டீச்சரம்மா மறுபடி கூப்பிட்டார். அதே மூன்றாவது மாடி, அதே ஏசி. அட்டையைக் காட்டி, அளந்து, கழுவி, மறுபடி அளந்தேன். நோட்டை வாங்கி, விடைத்தாள் திருத்துகிறவர்போல விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். 600 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"போன தடவ நீ எவ்வளவுன்னு சொல்லவே இல்ல தம்பி. கம்மியா குடுத்துட்டமோ, புள்ள மனசு சங்கடப்பட்டிருக்குமோன்னு எனக்கு ரெண்டு நாள் ஒரு மாதிரியாவே இருந்துச்சு."

நான் வாய் திறக்காமல் போனதில் இரண்டு வருடமாக என் வருத்தம் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த 200 ரூபாயின் பாரத்தை அவரும் சுமந்திருக்கிறார். வேலை தெரிந்த தம்பிகளே, உங்கள் விலையைச் சொல்லுங்கள். கேட்பவர் அதற்காகத்தான் காத்து நிற்கிறார்.