நண்பகல் ஒரு மணி, நுழைவு ஒரு ஷில்லிங்

ஓவியங்கள் போய்விட்டால் ஓவியக்கூடத்திற்கு என்ன வேலை? 1939-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தார் முன் எழுந்த கேள்வி இது. போர் வருவது உறுதி என்று கண்டதும் அங்கிருந்த ஓவியங்களை வேல்சுப் பகுதிக்கு அனுப்பிவிட்டனர். எஞ்சியவை வெற்றுச் சுவர்கள், விசாலமான அறைகள், வேலையற்ற காவலர்கள். வெளியே நகரம் இரவில் இருளில் மூழ்கியது. திரையரங்குகள் மூடப்பட்டன, நாடக மேடைகள் மூடப்பட்டன, இசை மன்றங்களும் மூடப்பட்டன. பலர் கூடுமிடத்தில் குண்டு விழுந்தால் என்னாகும் என்ற அச்சம் அரசினர்க்கு. அந்த அச்சத்தைக் குறை கூற இயலாது. ஆனால் அஞ்சியே வாழ்வது வாழ்வாகுமோ?

மைரா ஹெஸ் அம்மையார் அப்படி எண்ணவில்லை. 1890-இல் இலண்டனில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பியானோ இசையில் கடல் கடந்தும் புகழ் நாட்டியவர். இரவில் இசை கேட்க வழியில்லை என்றால் பகலில் கேட்கட்டுமே, இசை மன்றம் இல்லையென்றால் ஓவியமில்லா ஓவியக்கூடம் இருக்கிறதே என்று அக்கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் சென்று கேட்டார். எப்போதாவது ஒரு நிகழ்ச்சி என்று அவர் கேட்க, நாள்தோறும் நடத்தினால் என்ன என்று இவர் திருப்பிக் கேட்டாராம். 1939 அக்டோபர் 10-ஆம் நாள் நண்பகல் ஒரு மணிக்கு முதல் நிகழ்ச்சி. அம்மையாரே வாசித்தார். சிலரே வருவர் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்து நின்றனர். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்.

அன்று தொடங்கியது 1946 ஏப்ரல் 10 வரை, ஆறரை ஆண்டுகள், திங்கள் முதல் வெள்ளி வரை தொடர்ந்தது. 1,698 நிகழ்ச்சிகள், வந்து கேட்டோர் 8,24,152 பேர். சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு 485 பேர். குண்டு பொழிந்த நாட்களையும் சேர்த்த கணக்கு இது என்பதை மறக்கலாகாது.

என்ன இசை அது? பெரும்பாலும் அறை இசை. நான்கு பேர் நான்கு நரம்புக் கருவிகளை ஏந்தி உரையாடுவது போல் வாசிப்பது. அல்லது ஒருவர் பியானோ வாசிக்க மற்றொருவர் பாடுவது. அறை என்ற சொல்லை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். எவருடைய அறை? அரசர் அறை, பிரபுக்கள் அறை! ஹைடன் என்னும் மேதை 1761 முதல் எஸ்டர்ஹாசிக் குடும்பத்தின் ஊழியர். ஏவலர்க்குரிய சீருடை அணிந்தே பணி செய்தார். நால்வர் இசையை வளர்த்து ஆளாக்கியவர் அவர். கேட்டு மகிழ்ந்தவர்களோ அவரை ஊதியத்திற்கு வைத்தவர்கள். பீத்தோவன் அப்படிச் சீருடை அணியவில்லை. எனினும் அவருடைய புகழ்பெற்ற மூன்று நால்வர் இசைகள் இன்றும் ரசுமோவ்ஸ்கி என்ற உருசியத் தூதரின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. பொருள் கொடுத்தவர் பெயர் புகழோடு ஒட்டிக்கொள்வது எந்நாட்டிலும் உள்ள வழக்கம்தான் போலும்.

அந்த மூன்றனுள் ஒன்றுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1940 அக்டோபரில் ஓவியக்கூடத்தின் மீது குண்டுகள் விழுந்தன. அவற்றுள் ஒன்று வெடிக்காமல் கிடந்த காலக்குண்டு. இசை நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. எட்டியிருந்த வேறோர் அறைக்கு மாற்றினார்கள். பீத்தோவனின் எஃப் மேஜர் ரசுமோவ்ஸ்கி நால்வர் இசை நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. வாசித்தவர்கள் தாளம் தவறவில்லை. தூதரின் மாளிகைக்கென எழுதப்பட்ட இசையை, ஷில்லிங் கொடுத்த எழுத்தரும், செவிலியரும், விடுப்பில் வந்த படைவீரரும் நடுங்கும் கட்டடத்தில் அமர்ந்து கேட்டு முடித்தனர். பிரபுவின் அறை மக்களின் அறையான நாள் எது என்று எவரேனும் வினவினால் நான் அந்த நாளைத்தான் சுட்டுவேன்.

கட்டணம் எளிது என்பதோடு ஊதியமும் ஒன்று. உலகப் புகழ் பெற்றவராயினும் முதன்முறை மேடையேறும் இளைஞராயினும் ஐந்து கினி. ஒரு கினிக்கு இருபத்தொரு ஷில்லிங்; ஆக 105 ஷில்லிங், அதாவது 105 பேர் தந்த நுழைவுக் கட்டணம். மிச்சப் பணம் போரால் தொழிலிழந்து வாடிய இசைவாணர்களின் உதவி நிதிக்குச் சென்றது. புகழுக்கு ஒரு விலை, திறமைக்கு ஒரு விலை, பரிந்துரைக்கு ஒரு விலை என்று பழகிப்போன உலகில் இது சிறிய செய்தியன்று. உணவும் அங்கேயே கிடைத்தது. தேனும் உலர்ந்த திராட்சையும் வைத்த ரொட்டித் துண்டுகள் பெயர் பெற்றவை என்கிறார்கள். இடைவேளை மணி அடித்ததும் உண்டு, கைகழுவி, மீண்டும் வகுப்பில் நிற்க வேண்டிய ஆசிரியனாகிய எனக்கு அந்த ஏற்பாட்டின் அருமை நன்றாகவே விளங்குகிறது. உழைப்பவனுக்கு நேரம்தான் முதல் தடை. பணம் அதற்குப் பின்தான்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே ஒலித்தது யாருடைய இசை? பாக், பீத்தோவன், பிராம்சு: செருமானியர் இசை! முதற்போரின்போது, 1915-இல், இதே இலண்டனில் செருமானியப் பெயர் தாங்கிய கடைகளை அடித்து நொறுக்கினார்கள். இம்முறை நாள்தோறும் செருமானியர் குண்டு வீச, நாள்தோறும் செருமானியர் இசை முழங்கியது. எலனா கெர்ஹார்ட் என்ற செருமானியப் பாடகி அங்கே தம் தாய்மொழியிலேயே பாடினார். அவை அவரை வரவேற்றது. அதே காலத்தில் நாஜிகள் என்ன செய்தனர்? மெண்டல்சன் யூத மரபில் வந்தவர் என்பதற்காக அவர் இசையைத் தடை செய்தனர். 1936-இல் லைப்சிக் நகரிலிருந்த அவர் சிலையையும் அகற்றினர். ஒருவர் இசையைப் பிறப்பால் அளந்தார்கள் அவர்கள். யூதக் குலத்தில் பிறந்த ஹெஸ் அம்மையாரோ பாக் இசைத்ததைப் பியானோவுக்கு அமைத்து ஊரறியச் செய்தவர். வாதம் எதுவும் புரியாமலே கிடைத்த விடை அது.

இவ்வளவும் புகழ்ந்த பின் குறையைச் சொல்லாது விடுவது திறனாய்வாகாது. ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் என்பாரும் உடனுழைத்தவரும் 1942-இல் எடுத்த 'லிசன் டு பிரிட்டன்' என்ற இருபது நிமிடப் படத்தை அண்மையில் பார்த்தேன். தொழிற்சாலை உணவுக்கூடமொன்றில் பிளானகன், ஆலன் என்னும் இருவர் வேடிக்கைப் பாட்டுப் பாடுகிறார்கள். தொழிலாளர் உடன் சீழ்க்கை அடிக்கிறார்கள். காட்சி வெட்டப்படுகிறது, அடுத்த நொடி ஓவியக்கூடத்தில் ஹெஸ் அம்மையார் மோட்சார்ட் வாசிக்கிறார், அவையில் அரசியார் அமர்ந்திருக்கிறார். மோட்சார்ட்டின் இசை அப்படியே வெளியே சதுக்கத்திற்கு வந்து, மறுபடியும் ஆலைக்குள் இயந்திரங்களின் மீது படர்கிறது. அழகிய படம், மறுப்பில்லை. ஆனால் இரண்டும் ஒன்றே, எல்லாரும் ஓரவையே என்று அது கூறுவதை நான் ஒப்பவில்லை. ஆலையில் பொறியோடு போராடும் பெண் நண்பகல் ஒரு மணி நேரத்தில் டிரஃபால்கர் சதுக்கத்திற்கு வந்து திரும்ப முடியுமா? மோட்சார்ட் அவளிடம் செல்வது படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோலில்தான். 1940-இல் அமைந்த இசை, கலை ஊக்கக் குழு கலைஞர்களை ஆலைகளுக்கே அனுப்பிற்று. உண்மையில் அவளைத் தேடிச் சென்றது அந்த ஏற்பாடுதான். ஓவியக்கூடம் கட்டணமென்ற சுவரை இடித்தது. தொலைவென்ற சுவர் நின்றது. இதனால் அதன் பெருமை குன்றிவிடாது. செய்யாததைச் செய்ததாகச் சொல்லும் படத்தின் மீதுதான் என் வழக்கு.

இறுதியாக, அது ஏன் நின்றது? பணம் இல்லாமையாலன்று, மக்கள் வாராமையாலுமன்று. போர் முடிந்தது, ஓவியங்கள் வீடு திரும்பின, அறைகள் வேண்டும் என்று அறங்காவலர் கூறிவிட்டனர். ஹெஸ் அம்மையாருக்கு அது பெரும் வருத்தம். ஓவியக்கூடம் ஓவியங்களுக்குரியதுதான், அதை மறுக்க எவருக்கும் வாயில்லை. ஆனால் அத்தனை பெரிய நகரில், அத்தனை அரசாங்கக் கட்டடங்களில், நண்பகல் ஒரு மணிக்கு ஐந்நூறு நாற்காலி போட ஓரிடம் அமைக்க எவரும் அன்று முனையவில்லையே! சதுக்கத்தின் மறு ஓரத்தில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் பின்னாளில் நண்பகல் இசைக்குக் கதவு திறந்தது. கடல் கடந்து அமெரிக்கச் சிகாகோவில் 1977-இல் ஹெஸ் அம்மையார் பெயரிலேயே நண்பகல் இசை வரிசை ஒன்று தொடங்கினார்கள். அங்கே ஒரு ஷில்லிங்கும் இல்லை, நுழைவு இலவசம்.