'யூஸ்' என்ற ஒரு வினைச்சொல்லும் 30 ஆண்டுச் சிறையும்

ஆங்கிலத்தில் 'யூஸ்' மாதிரி சாதாரணமான சொல் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். "இதை யூஸ் பண்ணு", "அதனால என்ன யூஸ்?", "யூஸ்லெஸ்" என்று நம்ம பேச்சுக்குள்ளேயே அது மூன்று வேஷத்தில் உலவுகிறது. ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். டாய்லெட்டை யூஸ் பண்ணலாம், நண்பனை யூஸ் பண்ணலாம் (அது திட்டு). செயப்படுபொருளே இல்லாமல் "அவன் யூஸ் பண்றான்" என்று சொன்னால் போதைப்பொருள் எடுக்கிறான் என்று அர்த்தம். 'யூஸ்டு கார்' என்பது பழைய கார். 'யூஸ்டு டு' என்று வந்தால் பயன்பாடே போய்விடுகிறது, முன்பு வழக்கமாகச் செய்தது என்பது மட்டும் மிஞ்சுகிறது.

சொல்லின் வேர் லத்தீனில். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பழைய ஆங்கிலச் சொல்தான் இன்றைய 'புரூக்'. அது இப்போது 'பொறுத்துக்கொள்' என்ற ஒரே மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது.

இதெல்லாம் சொல்லாராய்ச்சி ரசிகர்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வியில் ஒரு மனிதனின் 30 ஆண்டுகள் தொங்கின. அந்தத் தீர்ப்பின் வாதத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

வழக்கு

1993, அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஸ்மித் எதிர் அமெரிக்கா. ஸ்மித் ஒரு மேக்-10 துப்பாக்கியைக் கொடுத்து 2 அவுன்ஸ் கொக்கெய்ன் வாங்கப் பேரம் பேசினார். எதிரே இருந்தவர் மாறுவேடத்தில் வந்த போலீஸ். போதைப்பொருள் குற்றத்தின்போது, அதன் தொடர்பில், துப்பாக்கியை 'யூஸ்' செய்பவருக்குக் கூடுதல் தண்டனை என்று சட்டம் சொல்கிறது. அது இயந்திரத் துப்பாக்கியாக இருந்தால் 30 ஆண்டுகள். ஸ்மித் யாரையும் சுடவில்லை, யாரையும் மிரட்டவும் இல்லை. துப்பாக்கியைப் பண்டமாற்றுக்கு வைத்தார், அவ்வளவுதான். அது 'யூஸ்' ஆகுமா?

ஆகும் என்றது நீதிமன்றம், 6க்கு 3. தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அகராதிகளைப் புரட்டினார். ஒன்றைத் தன் காரியத்துக்கு ஈடுபடுத்துவது 'யூஸ்'. ஸ்மித் துப்பாக்கியைத் தன் காரியத்துக்கு ஈடுபடுத்தினார். 'ஆயுதமாக' என்ற சொல் சட்டத்தில் இல்லை, இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது. ஆக, தண்டனை சரி.

மறுப்பு எழுதியவர் ஆன்டனின் ஸ்காலியா. அவருடைய உதாரணம் இப்போது சட்டக் கல்லூரிகளில் பிரசித்தம். ஒருவரிடம் "நீங்க கைத்தடி யூஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்டால், தடி ஊன்றி நடப்பீர்களா என்றுதான் கேட்கிறோம். தாத்தாவின் வெள்ளிப்பூண் தடியை ஹாலில் அலங்காரமாக மாட்டி வைத்திருக்கிறீர்களா என்று அல்ல. ஒரு சொல்லை எப்படியெல்லாம் பயன்படுத்த முடியும் என்பது ஒன்று, வழக்கமாக எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு.

எங்கே சறுக்குகிறது?

ஸ்காலியா பக்கம்தான் சரி என்பது என் கட்சி. ஆனால் ஏன் சரி என்பதை அவர் முழுசாகச் சொல்லவில்லை. தடி உதாரணம் நம்மைத் தலையாட்ட வைக்கிறது, அதற்கான காரணம் அதற்குள் இல்லை.

காரணம் இதுதான். 'யூஸ்' தனியாக நிற்கும்போது அதற்குள் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பொருளை நிரப்புவது அதன் செயப்படுபொருள். ஃபோன் என்றால் பேசுவது, கத்தி என்றால் வெட்டுவது, சர்க்கரை என்றால் காப்பியில் போடுவது. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அந்த நோக்கத்தை வினை தானாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பெயர்ச்சொல்லின் அர்த்தத்துக்குள்ளேயே அதன் நோக்கமும் ஒரு கூறாக இருக்கிறது என்று மொழியியலாளர் ஜேம்ஸ் புஸ்தெயோவ்ஸ்கி 1995இல் ஒரு புத்தகமே எழுதினார்.

வேறு நோக்கம் வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். "கொக்கெய்ன் வாங்குவதற்குத் துப்பாக்கியை யூஸ் பண்ணினான்." இது நல்ல ஆங்கிலம்தான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஓ'கானரின் வாதம் நம்மை இழுப்பது இதனால்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் பாரத்தைச் சுமப்பது 'வாங்குவதற்கு' என்ற சொல். சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. 'ஆயுதமாக' என்பதைச் சேர்க்கக் கூடாது என்று சொன்ன நீதிமன்றம், 'ஏதோ ஒன்றைப் பெறுவதற்கு' என்பதைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டது.

அவருடைய பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே சட்டப்பிரிவின் இன்னொரு பகுதி, குற்றத்தில் 'யூஸ்' ஆன துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சொல்லும்போது, துப்பாக்கியை விற்பது, கடத்துவது போன்ற குற்றங்களையும் பட்டியலிடுகிறது. அங்கே துப்பாக்கி வெறும் சரக்கு. ஆகவே சரக்காக இருப்பதும் 'யூஸ்' தானே? வலுவான கேள்வி. ஆனால் அங்கே குற்றத்தின் பெயரே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ஸ்மித் மீது பாய்ந்த வரியில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு வாசிப்புக்கும் இடம் இருந்தால் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குப் போக வேண்டும், இது பழைய நியதி.

பிறகு நடந்தது

1995இல் பெய்லி வழக்கு. துப்பாக்கி கார் டிக்கியில் ஒரு பையில் கிடந்தது. 'யூஸ்' என்றால் முனைப்பாகக் கையாண்டிருக்க வேண்டும், சும்மா வைத்திருப்பது போதாது என்றது நீதிமன்றம். எழுதியவர் அதே ஓ'கானர். ஆனால் முனைப்பான கையாளல் எவை என்ற பட்டியலில் பண்டமாற்றும் இருந்தது. 1998இல் நாடாளுமன்றம் 'வைத்திருத்தல்' என்பதையும் சட்டத்தில் சேர்த்தது.

2007இல் வாட்சன் வழக்கு, ஸ்மித்துக்கு நேர் தலைகீழ். இவர் போதை மாத்திரை கொடுத்துத் துப்பாக்கி வாங்கினார். இது 'யூஸ்' இல்லை என்று நீதிமன்றம் ஒருமனதாக முடிவு செய்தது. ஆப்பிளைக் கொடுத்துத் தின்பண்டம் வாங்கும் சிறுவன் ஆப்பிளைத்தான் யூஸ் பண்ணினான், தின்பண்டத்தை அல்ல என்பது டேவிட் சூட்டர் சொன்ன உதாரணம். மொழியாக இது சரி. ஆனால் விளைவைப் பாருங்க: ஒரே பேரத்தில் துப்பாக்கி கொடுத்தவன் 'யூஸ்' பண்ணினவன், வாங்கினவன் பண்ணாதவன். முதல் தீர்ப்பின் கோணல் இங்கேதான் பல்லிளிக்கிறது. ரூத் பேடர் கின்ஸ்பர்க் இதைக் கிண்டலாகவே சுட்டிக்காட்டி, ஸ்மித் தீர்ப்பையே ரத்து செய்திருக்க வேண்டும் என்று எழுதினார்.

அகராதி எதற்கு?

அகராதி ஒரு பொருள் இருக்கிறது என்று சாட்சி சொல்லும். இந்த வாக்கியத்தில் அதுதான் என்று சொல்லாது. 1998இல் இதே சட்டத்தின் 'கேரி' என்ற சொல் விசாரணைக்கு வந்தது (மஸ்கரெல்லோ வழக்கு). வண்டியில் வைத்துக் கொண்டுபோவதும் 'கேரி' தான் என்பதற்கு, அகராதியில் முதலில் வரும் பொருளைக் காட்டினார் நீதிபதி பிரையர். பைபிள், 'ராபின்சன் குரூசோ', 'மோபி டிக்' எல்லாம் துணைக்கு வந்தன. எதிர்த்தரப்பில் கின்ஸ்பர்க் ஒரு டிவி தொடரைக் கூட்டி வந்தார். அவரவருக்கு வேண்டியது அவரவர் அலமாரியில் கிடைத்தது. இதில் வேடிக்கை, பிரையர் காட்டிய பெரிய அகராதிகள் பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குபவை. முதலில் வருவது பழைய பொருள், முக்கியமான பொருள் அல்ல. ஸ்டீபன் மௌரிட்சன் 2010இல் ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டி, சொல்லடைவுத் தரவுகளில் எண்ணிப் பார்ப்பதே மேல் என்றார்.

எண்ணுவது நல்ல யோசனைதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. செய்தித்தாளில் ஒரு பயன்பாடு அரிதாக வருகிறது என்றால் அந்தச் சம்பவம் அரிது என்றும் இருக்கலாம், பொருள் அரிது என்று ஆகாது.

தமிழுக்கு வந்தால்

"அவன் துப்பாக்கியைப் பயன்படுத்தினானாம்" என்று யாராவது சொன்னால் "யாரைச் சுட்டான்?" என்றுதான் கேட்போம். "என்ன வாங்கினான்?" என்று யாரும் கேட்க மாட்டோம். இதில் தமிழும் ஆங்கிலமும் ஒன்று. ஆனால் பேச்சுத் தமிழ் பெரும்பாலும் இந்தப் பொத்தாம்பொதுவான வினையின் பக்கமே போகாது. கண்ணாடி போடுவோம், சோப்பு போடுவோம், மாத்திரை சாப்பிடுவோம், தடி ஊன்றுவோம். எழுத்தில்தான் எல்லாவற்றையும் 'பயன்படுத்து'கிறோம், அறிவிப்புப் பலகையிலிருந்து அரசாணை வரை. நடைக்கு அது வசதிதான். ஆனால் தண்டனை விதிக்கும் ஒரு வரியில் அந்தச் சொல்லை எழுதுபவர், "எதற்குப் பயன்படுத்தினால்?" என்பதையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. எழுதாமல் விட்டால் அந்த இடத்தை ஒரு நீதிபதி அகராதியை வைத்து நிரப்புவார்.