சுவரில் செதுக்கிய தோட்டம்

எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உட்சுவர்களில் சிறகுள்ள வானுலக உயிர்களான கேருபீன்களும் பேரீச்ச மரங்களும் விரிந்த மலர்களும் செதுக்கப்பட்டு, பொன் வேயப்பட்டிருந்தன என்கிறது வேதாகமம். ஏதேன் தோட்டத்தின் கிழக்கே காவல் நின்றவையும் கேருபீன்களே. ஆலயத்தின் வாசலும் கிழக்கு நோக்கியது. ஆகவே ஆலயத்தினுள் நுழையும் ஆசாரியர், மனிதன் இழந்த தோட்டத்துக்கே திரும்புகிறார் என்பது அறிஞர் பலரின் வாசிப்பு. மரமும் மலரும் வெறும் ஒப்பனை அல்ல என்று உணர்த்தும் அழகிய வாசிப்பு இது.

எல்லாவற்றிலும் மனத்தை ஈர்ப்பவை முகப்பின் வெண்கலத் தூண்கள்: யாகீன், போவாஸ். உயரம் 18 முழம். தீரு நகரத்து வெண்கலக் கலைஞர் ஈராம் வார்த்தவை. உச்சியில் லீலி மலர் வேலைப்பாடு, சங்கிலிப் பின்னல், தூணுக்கு 200 மாதுளம்பழங்கள். விதை நிறைந்த மாதுளை வளத்தின் அடையாளம். வாக்களிக்கப்பட்ட நாட்டின் விளைச்சல்களுள் ஒன்று. பிரதான ஆசாரியரின் அங்கி ஓரத்திலும் அது தொங்கியது. தரையில் நிற்பவர் மாதுளைகளை எண்ணிப் பார்க்க முடியாத உயரம் தூணின் உச்சி; ஆனாலும் ஈராம் கணக்குக் குறைக்கவில்லை. கலைஞனின் பக்தி அங்கேதான் தெரிகிறது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் அத்தூண்களை உடைத்து வெண்கலத்தை அள்ளிச் சென்றனர். அந்தக் கொள்ளையைப் பதிவு செய்யும் எரேமியா நூல், மாதுளம்பழங்களின் எண்ணிக்கையையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறது.